பட்டணத்துல என்ன விசேஷம்?

புதுச்சத்திரத்தைத் தாண்டி நாமக்கல் சாலையில் பசியோடு வண்டியை ஓரங்கட்டுகிற லாரிக்காரன் யாராக இருந்தாலும், அவன் கை கழுவி முடிப்பதற்குள் ஒரு கேள்வி வந்து முன்னால் நிற்கும்.

"பட்டணத்துல என்னங்க சாமி விசேஷம்?"

கேட்பவள் பெருமாயி. சாலையோரக் கீற்றுக் கொட்டகையில் சோற்றுக்கடை வைத்திருந்தவள். கொள்ளுப் பருப்பும் களியும் அவள் கைக்கு அப்படி வரும். ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு கொதித்தால் சேலம் போகிற வண்டி தானாக வேகம் குறையும் என்பார்கள். ஆனால் குழம்பைவிடப் பேர்போனது அவளுடைய கேள்விதான். பட்டணம் என்றால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மெட்ராஸ் ஒன்றுதான். அந்த ஊர்ச் சங்கதி எது சொன்னாலும் அவளுக்கு வேண்டும்.

லாரிக்காரர்களும் சளைக்காமல் சொன்னார்கள். கடற்கரையில் ஒரு மீன் ஒதுங்கியதாம், அதன் முதுகில் ஏற ஏணி வைத்தார்களாம். செட்டித்தெருவில் ஒரு பசுமாடு மூன்றாம் மாடிக்குப் படியேறிப் போய்விட்டு இறங்கத் தெரியாமல் கத்தியதாம். ஆட்டுக்குட்டியோடு பஸ்ஸில் ஏறியவனிடம் கண்டக்டர் குட்டிக்கும் டிக்கெட் கேட்டானாம். துறைமுகத்தில் சர்க்கஸ் யானையைக் கப்பலிலிருந்து இறக்கும்போது சங்கிலி அறுந்து, யானை கடலில் நீந்திக் கரையேறியதாம். நல்ல சங்கதி சொன்னவனுக்குக் குழம்பு ஒரு கரண்டி கூட விழும். அதற்காகவே வாயில் வந்ததை அவிழ்த்துவிட்டவர்களும் உண்டு. யானை நீந்திய கதையை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லித் தின்றுவிட்டுப் போனார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் பெருமாயி ஒன்று கேட்பாள். "அந்தக் கூட்டத்துல சின்னப் புள்ளைங்க நின்னுதுங்களா?"

"நின்னிருக்கும்க்கா. யானையப் பாக்கப் புள்ளைங்க இல்லாமயா?"

"பொட்டப்புள்ளைங்க?"

இதைக் கேட்டதும் சிரிப்பார்கள். மெட்ராஸ்காரி என்று அவளுக்குப் பட்டப்பேரே விழுந்துவிட்டது. அவள் புருஷன் குழந்தைவேலோ அதற்கு நேர் எதிர். கொட்டகைக்குப் பின்னால் விறகு பிளப்பதும் ஆட்டுரல் ஆட்டுவதும் அவன் வேலை. பட்டணம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விடுவான். தொட்டி நிறைந்து வழிந்தாலும் போவான். 'பொண்டாட்டிக்குப் பட்டணப் பைத்தியம், புருசனுக்குத் தண்ணிப் பைத்தியம்' என்று லாரிக்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று அந்த இரண்டு பேர் வயிற்றிலும் கல்லாகக் கிடந்தது.

பெருமாயிக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. அதைப் பட்டணத்தில் தொலைத்துவிட்டு வந்தவள் அவள்.

ஐம்பத்து நான்காம் வருஷம் அது. குழந்தைவேல் அப்போது லாரியில் கிளீனர். குழந்தைக்கு மூன்று வயது. பேர் செல்லியம்மாள், குலதெய்வத்தின் பேர். தெய்வத்தின் பேரை வைத்துவிட்டு, அந்தப் பேரைச் சொல்லி 'ஏய், இங்க வாடி' என்று எப்படி அதட்டுவது? அதனால் யாரும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையும் சாமிதான், பெரியவரும் சாமிதான். 'வா சாமி, உண்ணு சாமி, தூங்கு சாமி' என்றே அதை வளர்த்தார்கள். தனக்கு இன்னொரு பேர் இருப்பதே அந்தக் குழந்தைக்குத் தெரியாது.

காய்ச்சலில் பிழைத்து எழுந்ததற்காகத் திருச்செங்கோட்டு மலையில் அதற்கு மொட்டையடித்துக் காது குத்தினார்கள். அந்த வாரமே லாரி பட்டணத்துக்குப் பாரம் ஏற்றியது. டிரைவர் நல்ல மனுஷன், குடும்பத்தையும் கூட்டிக்கொள் என்றார். குழந்தைவேலுக்குத் தலைகால் புரியவில்லை. "கடலைப் பாக்காத ஜென்மம் ஒரு ஜென்மமா? வா புள்ள" என்றான். பாவம், ஆசையாகத்தான் கூப்பிட்டான்.

பெருமாயிக்குப் பட்டணமென்றால் திருடர்கள். கொலுசுக்காகக் குழந்தையின் காலையே வெட்டிக்கொண்டு போவார்கள் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். வண்டி ஏறுமுன் கொலுசைக் கழற்றினாள், காதில் கிடந்ததைக் கழற்றினாள், வளையலையும் கழற்றி முடிந்துகொண்டாள். வழியில் குழந்தை பாவாடையெல்லாம் வாந்தி எடுத்தது. டிரைவர் தன் மகனுக்கென்று வாங்கி வைத்திருந்த சட்டையையும் டவுசரையும் எடுத்துக் கொடுத்தார். மொட்டைத் தலையும் டவுசருமாக அது நின்றதைப் பார்த்துக் குழந்தைவேல் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பையன் இல்லீன்னு எங்காத்தா மூக்கைச் சிந்திட்டே இருக்கறாளே, இந்தா, பையன்!"

சாயங்காலம் கடற்கரைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை. தேர்க்கூட்டம் தோற்கும். குழந்தைவேல் சுண்டல் வாங்கப் போனான். பெருமாயி ஓரமாக நின்று காலை நனைத்தாள். குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பெரிய அலை ஒன்று வந்து முழங்கால்வரை ஏறிற்று. அவள் பயந்து பின்வாங்கினாள், தடுமாறி உட்கார்ந்தாள், எழுந்து சேலையைப் பிழிந்தாள். முந்தானையைப் பிடித்திருந்த கை இல்லை.

"சாமீ!" என்றாள். அலையைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். "சாமீ! சாமீ! என்ற சாமீ!"

தலை அவிழ, சேலை நனைய, நெஞ்சில் அடித்துக்கொண்டு மணலில் ஓடினாள். கத்திக்கொண்டே ஓடினாள். வேறு பேர் சொல்லிக் கத்தியிருந்தால் நாலு பேராவது என்ன ஏதென்று கேட்டிருப்பார்கள். இவள் சாமி சாமி என்றல்லவா கத்தினாள்! கடலை முதல்முதலாகப் பார்த்த பட்டிக்காட்டுக்காரிக்கு அருள் வந்துவிட்டது என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். "ஆத்தா வந்திருக்கா, வழி விடுங்கய்யா" என்று ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தி ஓடி வந்து நெற்றியில் குங்குமம் அப்பினாள். ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சூடம் கொளுத்திக் காட்டினார்கள். யாரோ கையில் சில்லறை வைத்தார்கள். பெற்றவள் பிள்ளையைத் தேடிக் கதறுகிறாள், ஊர் அவளிடம் குறி கேட்கிறது! அந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

குழந்தைவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கியிருந்தது. இரண்டு பேரும் தேடினார்கள். படகுக்குப் பின்னால், பலூன்காரனுக்குப் பின்னால் என்று ஒரு இடம் விடவில்லை. கடைசியில் ஒரு மிட்டாய்க்காரன் சொல்லித்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். குழந்தைவேல் வாசல் தூணோடு நின்றுவிட்டான். பெருமாயிதான் பேசினாள்.

"குழந்தை ஆணா, பொண்ணா?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"பொம்பளப் புள்ளைங்க."

"பேரு?"

அவ்வளவு நேரமும் தொண்டை கிழிய எந்தப் பேரைக் கூப்பிட்டாளோ அது வாய்வரைக்கும் வந்தது. ஆனால் கேட்பது சர்க்கார். மேஜைக்குப் பின்னால் தொப்பி இருக்கிறது. சர்க்காரிடம் வீட்டில் கூப்பிடுகிற பேரையா சொல்வார்கள்? சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மரியாதையாகச் சொன்னாள்.

"செல்லியம்மாளுங்க."

"அப்படிப் பொம்பளப் புள்ள ஒண்ணும் இங்க வரல. நாளைக்கு வா."

மொட்டையடித்திருந்தது என்றோ, டவுசர் போட்டிருந்தது என்றோ அவள் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் மரியாதை என்று வளர்ந்த ஜனம். மறுநாளும் போனாள். அதற்கு அடுத்த நாளும் போனாள். ஒவ்வொரு நாளும் வேறு போலீஸ்காரர், ஒவ்வொரு நாளும் அதே கேள்வி, அதே செல்லியம்மாள். லாரி திரும்பிப் போனது. மணலில் படுத்து, குழாய்த் தண்ணீர் குடித்து, இனிமேல் முடியாது என்கிறவரைக்கும் கிடந்துவிட்டு இரண்டு பேரும் ஊருக்கு வண்டியேறினார்கள்.

வரும் வழியில்தான் குழந்தைவேல் அந்தப் பாவத்தைச் செய்தான். "தொலைச்சுப்புட்டோம்னு சொன்னா ஊரு என்ன பேசும்? பொட்டப்புள்ளைன்னு வேணும்னே உட்டுட்டு வந்துட்டாங்கம்பாங்க. வித்துப்புட்டாங்கம்பாங்க. காய்ச்சல் திரும்பி வந்து செத்துப்போயிருச்சு, பட்டணத்துலயே பொதைச்சுட்டு வந்துட்டோம்னு சொல்லீரலாம். என்ற மேல சத்தியம் பண்ணு." பண்ணிக்கொடுத்தாள். அன்றைக்கு அவளுக்கு யோசிக்கிற தெம்பில்லை.

வீட்டில் ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் கூடி ஒப்பாரி வைத்தார்கள். மூன்றாம் நாள் பால் ஊற்றினார்கள். எங்கேயோ உயிரோடு பசியோடு அழுதுகொண்டிருக்கிற பிள்ளைக்கு, பெற்ற தகப்பன் கையாலேயே பால் ஊற்றினான். பெருமாயி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கே அவன்மேல் இருந்த ஏதோ ஒன்று அவளுக்கு அறுந்துபோயிற்று. அவனும் அதற்கப்புறம் லாரிப் படியில் கால் வைக்கவில்லை. ஊருக்குள் இருக்கப் பிடிக்காமல் சாலைக்கு வந்து கொட்டகை போட்டார்கள்.

இப்போது புரிகிறதா, அவள் ஏன் விசேஷம் கேட்டாள் என்று? 'என் பிள்ளையைக் கண்டீர்களா' என்று கேட்க வாய் இல்லை. சத்தியம் கட்டிப்போட்டிருந்தது. அதனால் பட்டணத்தையே மொத்தமாக விசாரித்தாள். மீனையும் மாட்டையும் யானையையும் வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் எங்கேயாவது ஒரு ஓரத்தில் தன் பிள்ளை நிற்காதா என்று பார்த்தாள். குழந்தைக்கு ஐந்து வயதாகியிருக்கும், ஏழாகியிருக்கும் என்று மனதுக்குள் அளந்துகொண்டே வந்தாள். மறுபடி பிள்ளை உண்டாகவில்லை. கோயிலுக்குப் போ என்று சொன்னவர்களிடம், "எனக்கு ஒரு சாமி போதுமுங்க" என்பாள். அவர்கள் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

உபகாரசாமி என்று ஒரு டிரைவர். சேலம் டவுனில் கோயில் தெருக்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். அளந்துதான் பேசுவார், சோற்றுக்காகப் பொய் சொல்லமாட்டார். விசேஷம் கேட்டால், "ஒண்ணுமில்லக்கா, வெயில்தான்" என்பார். அதனாலேயே பெருமாயி அவரை அதிகம் கேட்பதில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பது இதுதான். இத்தனை வருஷமாகப் பொய்யர்களுக்கெல்லாம் குழம்பு ஊற்றினாள். விஷயம் தெரிந்த மனுஷன் வெறும் மோர்ச்சோறு தின்றுவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தார்.

அறுபத்திரண்டில் ஒரு மாசிமாத மத்தியானம். கடையில் கூட்டம் இல்லை. "நல்லா உண்ணுங்க சாமி, என்ன சாமி சோறு அப்படியே இருக்குது, பருப்பு ஊத்தட்டுங்களா சாமி" என்று அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள். உபகாரசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என் பேர்லயே ஒரு சாமி இருக்கு. நீங்க பத்து சாமி சேக்கறீங்க. உங்களாட்டமே ஒரு புள்ள இருக்குதுக்கா பட்டணத்துல."

"எங்கீங்க?" என்றாள் கரண்டியோடு.

"எங்க சித்தி ஜெபமலர், கன்னியர் மடத்துல சமையல் பண்றாங்க. அனாதைப் புள்ளைங்களை வளக்கற மடம். அங்க ஒரு பொண்ணு. பெரியவங்க சின்னவங்க கிடையாது, காவக்காரனும் சாமி, பால்காரனும் சாமி, என்னையும் 'வாங்க சாமி'ம்பா. மடத்துல சாமின்னா பூசை வைக்கற சாமியார்தானே? கன்னியர் எல்லாம் சிரிச்சுச் சிரிச்சு... அதைவிடக் கூத்து, அது மடத்துக்கு வந்த கதைதான். போலீஸ்காரர் கடற்கரையில கண்டெடுத்து, பையன்னு கொண்டாந்து உட்டுட்டுப் போனாராம். பேரு சாமின்னு சொல்லுச்சாம். மொட்டைத் தலை, டவுசர். சித்தி குளிப்பாட்டக் கொண்டுபோய்ப் பாத்தா, பொட்டப்புள்ள!"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பெருமாயி சிரிக்கவில்லை. பட்டணம் என்ற பேச்சு வந்ததும் வழக்கம்போல் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிய குழந்தைவேல், கொட்டகை வாசலில் அப்படியே நின்றுவிட்டான்.

"டவுசரா?" என்றான். பட்டணத்தைப் பற்றி அத்தனை வருஷத்தில் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

"ஆமாங்க."

"பேரு... சாமின்னுச்சா?"

பெருமாயி தரையில் உட்கார்ந்துவிட்டாள். கரண்டி எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. "ஐயோ, நான் செல்லியம்மாள்னல்ல சொன்னேன்! கேட்டவங்களுக்கெல்லாம் செல்லியம்மாள்னே சொன்னேன்! என்ற வாயில மண்ணு உழ!" என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். உபகாரசாமி சாப்பாட்டில் கை வைத்தபடி திகைத்துப் போனார்.

"அது என்ற புள்ளைங்க சாமி" என்றாள். எட்டு வருஷத்துச் சத்தியம் அன்றைக்கு உடைந்தது.

உபகாரசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். போன வருஷம் முழுக்கப் பம்பாய் லைனில் ஓடியதால் மடத்துப் பக்கம் அவர் போகவில்லை. அதற்கு முந்தின தடவை போயிருந்தபோது அந்தப் பெண்தான் தனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள் என்றார். "கெட்டிக்காரப் புள்ளக்கா. சிவப்பா, ஒல்லியா, உங்க மூக்கு. ஐயோ, நான் கண்ணிருந்தும் குருடனாப் போனேனே!"

மறுநாள் விடியலில் பெருமாயி அவர் லாரியில் ஏறினாள். குழந்தைவேல் படிவரைக்கும் வந்தான். ஏறவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு வருவான்? துணியில் முடிந்த பழைய கொலுசை எடுத்து நீட்டினான்.

"இது இப்ப எங்கீங்க பத்தும்?" என்றாள் அவள்.

"காட்டு. அடையாளம் தெரியட்டும்" என்றான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் பால் ஊத்துனத மட்டும் சொல்லிப்போடாத" என்றான்.

வழியெல்லாம் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. என்ன பேசுவது என்பதே நினைப்பு. 'அம்மா' என்று கட்டிக்கொள்ளுமா, 'இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்' என்று திருப்பிக்கொள்ளுமா? திருப்பிக்கொள்ளட்டும். அடிக்கட்டும். அடிக்கிற கையையாவது பிடித்துப் பார்க்கலாம்.

உபகாரசாமி தெருமுனையில் வண்டியை நிறுத்த இடம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அவள் இறங்கி மடத்து வாசலுக்கு நடந்துவிட்டாள். வாசலில் ஒரு கன்னியர் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளை உடுப்பு, மேஜை. பெருமாயிக்கு அந்தப் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வந்தது.

"யாரம்மா பாக்கணும்? பேரு?" என்றார் கன்னியர்.

இந்தத் தடவை அவள் தவறவில்லை.

"சாமிங்க" என்றாள்.

"சாமியார் கோயில்ல இருப்பார். பூசை முடிஞ்சுதான் வருவார்."

"அவருங்க இல்லீங்க. புள்ளைங்க. மொட்டைத் தலையோட, டவுசரோட வந்த புள்ள. சாமின்னு பேருங்க. நான் அதைப் பெத்தவங்க."

கன்னியர் எழுந்து நின்றார். சுற்றி வந்து பெருமாயியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வழி தெரியாதவளுக்கு வழி காட்டுகிற பிடி இல்லை அது. பெற்றவளுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சொன்னது ஜெபமலர்தான். போன ஐப்பசி மழையில் மடத்துக்குள் விஷக்காய்ச்சல் புகுந்தது. நாலு பிள்ளைகள் படுத்தன, மூன்று எழுந்தன. சமையற்கட்டுத் தரையில் பெருமாயியைச் சாய்த்து உட்காரவைத்துக்கொண்டு, அந்த அம்மாள் தானும் அழுதுகொண்டே சொன்னாள்.

"பேரு கேட்டா சாமி. எந்த ஊருன்னு கேட்டா 'எங்க ஊடு'ன்னுச்சு. ஊடுன்னு ஒரு ஊரு எங்க இருக்குன்னு அந்தப் போலீஸ்காரர் எல்லாரையும் கேட்டாராம். பொட்டப்புள்ளைன்னு தெரிஞ்சப்புறம் ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர் மறுக்கா வந்தா சொல்லிக்கலாம்னு இருந்துட்டோம். அவர் வரல. நான் சேலத்துக்காரி, ஊடுன்னா வீடுன்னு எனக்காவது தோணியிருக்க வேணாமா? சின்ன வயசுலயே இங்க வந்துட்டேன். ஊர்ப்பேச்சே மறந்துபோச்சு."

"என்னைய... கேட்டுச்சுங்களா?"

ஜெபமலர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "மொதல் வருசம் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல" என்றாள். "ஆனா அந்தப் பேச்சை மட்டும் உடல. சின்னப் புள்ளைங்களுக்குச் சோறு போடும். 'உண்ணு சாமி'ம்பா. கடைசி நாளு நான் கஞ்சி ஊட்டறேன், 'நீங்க உண்ணுங்க சாமி'ன்னுச்சு."

கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு பேரும் நடந்தார்கள். ஒரு சிறு மரச்சிலுவை. அதில் ஏதோ எழுதியிருந்தது. என்ன பேர் என்று கேட்டாள். "அன்னாள். ஞானஸ்நானப் பேரு" என்றாள் ஜெபமலர்.

"அதாருங்க அன்னாள்?" என்றாள் பெருமாயி. அப்புறம் அந்த மண்மேல் விழுந்தாள். அன்றைக்குக் கடற்கரையில் கத்திய அதே குரலில், "சாமீ! என்ற சாமீ!" என்று கத்தினாள். இந்தத் தடவை யாரும் சூடம் கொளுத்தவில்லை. அந்த ஒரு கொடுமை மட்டும் இல்லை.

திரும்பி வரும்போது அவள் அழவில்லை. அழுகை போய் வெறி வந்திருந்தது. வேலூர் தாண்டுகிறவரைக்கும் வார்த்தைகளைத் தேடிப் பொறுக்கி வைத்துக்கொண்டாள். 'உசுரோட இருந்த புள்ளைக்குப் பால் ஊத்துனயே, உன் வாக்கு பலிச்சிருச்சு, போய்ச் சந்தோசமா இரு.' இதைத்தான் சொல்ல வேண்டும். வண்டியிலிருந்து இறங்கியதும் நடுச்சாலையில் நின்று ஊரே கேட்கச் சொல்ல வேண்டும். அவன் கெஞ்சிக் கேட்டுக்கொண்ட ஒன்றை அவன் முகத்திலேயே விட்டெறிய வேண்டும். நியாயம்தானே? அவளைக் குற்றம் சொல்ல நமக்கு நாக்கு ஏது?

லாரி வந்து நின்றபோது குழந்தைவேல் சாலையோரத்தில் நின்றிருந்தான். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தான். கல்யாணத்துக்குக் கட்டுகிற வேட்டியைக் கட்டியிருந்தான். கொட்டகை வாசலில் சாணி தெளித்துக் கோலமாவை ஏதோ தெரிந்தமட்டுக்கு இழுத்து வைத்திருந்தான். கையில் ஒரு பொட்டலம். உள்ளே பதினோரு வயதுப் பெண்ணுக்கு ஆகிற அளவில் பச்சைப் பாவாடை. அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்தான். யாரும் இறங்கவில்லை.

"பாத்தயா?" என்றான்.

பொறுக்கி வைத்திருந்த வார்த்தை எல்லாம் பெருமாயியின் நாக்குநுனியில் இருந்தது. அவள் அந்தப் பச்சைத் துணியைப் பார்த்தாள்.

"பாத்தனுங்க" என்றாள்.

"எப்படி... எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க. பெரிய புள்ளையாயிருச்சு. படிக்குது. மடத்து அம்மாமாரெல்லாம் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறாங்க. நம்மள அதுக்கு அடையாளம் தெரியலீங்க. திடீர்னு கூட்டியாந்தா ஏங்கிப்போயிரும், அங்கயே இருக்கட்டும், நீங்களும் வந்து பாக்க வேண்டாம்னு அம்மாமார் சொல்லிப்போட்டாங்க."

"நம்ம மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லீங்க."

அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். சந்தோஷத்தில் அழுதான். உயிரோடு இருந்தபோது செத்துப்போயிற்று என்று ஊருக்குச் சொன்னவன் அவன். செத்தபிறகு உயிரோடு இருக்கிறது என்று அவனுக்குச் சொன்னவள் இவள். லாரியில் உட்கார்ந்திருந்த உபகாரசாமி சிலுவைக்குறி போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் கடையில் ஒன்று தலைகீழாயிற்று. பெருமாயி யாரிடமும் விசேஷம் கேட்பதை விட்டுவிட்டாள். யாரையும் சாமி என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள். "உண்ணுங்க" என்பாள், அவ்வளவுதான். மெட்ராஸ்காரிக்கு என்ன வந்தது என்று லாரிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் பின்னால் போய் உட்கார்ந்து ஆட்டுரலைச் சுற்றினாள். முன்னால் வந்து இலை போட்டவன் குழந்தைவேல். குடத்தை அவன் தொடுவதே இல்லை. வண்டிச் சத்தம் கேட்டால் போதும், ஓடி வருவான்.

உபகாரசாமி ஒரு தடவை பட்டணத்திலிருந்து நேராக வந்து இறங்கினார். குழந்தைவேல் அவருக்கு முதல் கரண்டியிலேயே கோழிக்குழம்பு ஊற்றினான். பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டான்.

"பட்டணத்துல என்னங்க சாமி விசேஷம்?"

பின்னால் ஆட்டுரல் நின்றது. உபகாரசாமி சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். பொய் சொல்லிச் சோறு தின்னாத மனுஷன்.

"விசேஷம் ஒண்ணுமில்லண்ணா" என்றார். "எல்லாரும் நல்லா இருக்காங்க."

"அது போதுமுங்க சாமி" என்று குழந்தைவேல் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினான்.